எடையில் சேராத ரப்பர்

நூலுக்கு மதிப்புரை எழுதுவது இப்பகுதியின் வழக்கம். நாடகத்திற்கும் எழுதியதுண்டு, திரைப்படம் ஒன்றிற்கு எழுதி ஏச்சு வாங்கியதும் உண்டு. பொம்மைக் கார் ஒன்றுக்கு மதிப்புரை எழுத நேருமென்று நாம் எண்ணியதில்லை. சென்ற மாதம் மலாக்கா பட்டணத்துப் பாச்சாங் பகுதியில் வாழும் நண்பர் ஒருவர் வீட்டிற்குப் போயிருந்தோம். காப்பி வருவதற்கு முன்பே அவர் கூடத்திலிருந்த கண்ணாடிப் பேழையருகே நம்மை அழைத்துச் சென்று, “புத்தகத்திலே குற்றங் கண்டுபிடிக்க உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இதிலே ஒரு குற்றம் சொல்லுங்கள், பார்க்கலாம்” என்றார். நண்பர் ஆயர் குரோ தொழிற்பேட்டையில் யந்திரம் பழுதுபார்ப்பவர். புக்கிட் அசஹான் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய தாய்க்குப் பிறந்தவர். திருகாணி, சக்கரம் என்றால் அவருக்கு உயிர். அவர் விட்ட சவாலை ஏற்று ஒரு முழு மாலைப்பொழுதை அந்தப் பேழையின் முன் கழித்தோம். அதன் விளைவே இக்கட்டுரை.

பேழைக்குள் இருந்தது, ஜெர்மனியின் மெர்ஸிடிஸ் பென்ஸ் கம்பெனியார் 1934-ஆம் ஆண்டில் பந்தயத்தில் இறக்கிய டபிள்யூ 25 என்னும் காரின் சிற்றுரு. அசல் வண்டியின் நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றிலும் 18-இல் ஒரு பங்கு. அசல் ஏறக்குறைய 4 மீட்டர் நீளமுடையது. ஆகவே இது ஒரு சாணுக்குச் சற்று அதிகம், 22 சென்டிமீட்டர். பொம்மை என்று நாம் சொன்னதும் நண்பர் முகம் சுளித்தார். அவர் சுளித்ததில் நியாயம் உண்டு. முன்மூடியை இழுத்துக் கட்டியிருக்கும் தோல்வாரை அவிழ்த்து மூடியை எடுத்தால், எட்டு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கும் யந்திரம் தெரிகிறது. காற்றை அழுத்தித் தள்ளும் கருவி, எரிபொருள் செல்லும் குழாய், பக்கவாட்டில் ஓடும் புகைக்குழல், இருக்கையில் கட்டம் போட்ட துணி, துணியில் தையல் என்று ஒன்றும் விடுபடவில்லை. சக்கரங்களின் ஆரக்கம்பிகள் வார்த்தெடுத்தவை அல்ல. தலைமயிர் போன்ற எஃகுக் கம்பிகளைத் தனித்தனியே கோத்தவை. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தோம். ஒரு கம்பியும் கோணவில்லை.

ஸ்டுட்கார்ட் நகரை அடுத்த ஃபெல்பாக்கிலிருந்து 1995 முதல் இத்தகைய சிற்றுருக்களை வெளியிட்டுப் பெயர் வாங்கிய நிறுவனம் சி.எம்.சி. என்பது. ஆயிரத்துக்கு மேற்பட்ட உறுப்புகளைக் கையாலேயே பூட்டுகிறோம் என்பது அதன் பெருமை. வரைபடம் ஜெர்மனியில்; பூட்டும் கைகள் சீன நாட்டுத் தொழிலாளருடையவை. நண்பரிடம் இருப்பது அந்த இனத்தைச் சேர்ந்தது. விலை சில நூறு யூரோ. நம் வெள்ளியில் ஈராயிரத்தைத் தாண்டும். 2025 பிப்ரவரி முதல் இந்நாட்டில் சட்டம் விதித்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வார்களாக.

பேழையைத் திறக்குமுன் நண்பர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டார். நமக்கும் ஒரு ஜோடி தந்தார். அவருடைய பேரன் ஆறு வயதுப் பையன். வாசற்படிக்கு அப்பால் நின்றுதான் பார்த்தான். கிட்டே வர அவனுக்கு அனுமதியில்லை. தீண்டாமையை ஒழிக்கப் புறப்பட்டவர் வீட்டுக் கூடத்திலே தீண்டக்கூடாத பொம்மை ஒன்று குடியேறியிருப்பதைச் சுட்டிக்காட்டினோம். அவர் சிரித்தார்; ஆனால் பையனை உள்ளே விடவில்லை.

நிற்க. கலைப் பொருளாக இதை எப்படி மதிப்பிடுவது? சிற்றுரு என்பதற்கு ஒரே ஓர் அளவுகோல்தான் உண்டு: அசலுக்கு உண்மையாக இருக்கிறதா? கவிஞன் மிகைப்படுத்தலாம், ஓவியன் ஒதுக்கலாம். சிற்றுருச் செய்பவன் இவ்விரண்டையும் செய்யமாட்டேன் என்று சத்தியம் செய்துகொண்டு தொழிலில் இறங்குபவன். அந்தச் சத்தியத்தை வைத்தே அவனைச் சோதிக்க வேண்டும். நாம் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தோம். நீளம் 18-இல் ஒரு பங்கானால் பருமன் 18-ஐ மூன்று முறை பெருக்கிய 5,832-இல் ஒரு பங்கு. அசல் வண்டி 750 கிலோவென்றால் இது 129 கிராம்தான் இருக்க வேண்டும். கையில் எடுத்தால் அதனினும் பன்மடங்கு கனக்கிறது. கண்ணுக்கு உண்மை பேசும் பொருள் கைக்குப் பொய் சொல்கிறது. இது குற்றமன்று. மெல்லிய தகட்டால் செய்த அசலைத் துத்தநாகக் கலவையில் வார்த்தால் கனக்கத்தான் செய்யும். கனமாயிருந்தால்தான் விலை கொடுத்தவருக்கு மனம் நிறையும் என்பதும் வியாபாரிக்குத் தெரியாததன்று.

ஆனால் எடை என்ற சொல்லை எடுத்ததும் நண்பர் ஒரு கதையைத் தொடங்கிவிட்டார். இந்த வண்டியை வைத்திருப்பவர் எவரும் சொல்லும் கதை அது. 1934-ஆம் ஆண்டு முதல் ஐரோப்பாவின் பெரும் பந்தயங்களுக்கு ஒரு விதி வந்தது: வண்டி 750 கிலோவுக்கு மேற்படலாகாது. அவ்வாண்டு ஜூன் 3-ஆம் தேதி ஜெர்மனியின் நூர்பர்க் ஓட்டத்தளத்தில் ஐஃபல் பந்தயம். முதல் நாள் மாலை வண்டியைத் தராசில் ஏற்றினால் 751 கிலோ! ஒரு கிலோ அதிகம். குழுத் தலைவர் ஆல்ஃபிரட் நொய்பாவர் தலையில் கைவைத்துக்கொண்டார். ஜெர்மனிக்குரிய வெள்ளை வண்ணம் அதுவரை வண்டியின் மேல் பூசப்பட்டிருந்தது. இரவு முழுதும் அவ்வண்ணத்தைச் சுரண்டினார்கள். பொழுது விடிந்தபோது அலுமினிய மேனி வெள்ளியாய் மின்னியது. எடை சரியாக 750. மறுநாள் மான்ஃபிரட் ஃபான் பிரவுகிட்ஷ் அதை ஓட்டி வென்றார். அன்று முதல் ஜெர்மன் வண்டிகளுக்கு “வெள்ளி அம்புகள்” என்று பெயர்.

அழகான கதை, புராணத்திற்குரிய அழகு. நெருக்கடி, இரவு, விடியல், திருவுருவம் வெளிப்படுதல் எல்லாம் முறையாக அமைந்திருக்கின்றன. அதனாலேயே நமக்குச் சந்தேகம் எழுந்தது. சரித்திரத்தைத் துருவியவர்கள் சொல்வதைக் கேளுங்கள். அந்த ஐஃபல் பந்தயம் 750 கிலோ விதிக்குக் கட்டுப்பட்டு நடந்ததே அன்று; எடை வரம்பில்லாத திறந்த பந்தயம். ஒரு கிலோவுக்காக இரவெல்லாம் விழித்திருக்க அங்கே காரணமில்லை. 1932-லேயே பெர்லினின் ஆவுஸ் ஓட்டத்தளத்தில் இதே பிரவுகிட்ஷ் வென்ற வண்டி வண்ணம் பூசாத அலுமினிய மேனியோடுதான் ஓடியது. போட்டிக் கம்பெனியாகிய ஆட்டோ யூனியனின் கார் 1934-இல் வெளிவந்தபோதே வெள்ளி நிறம். அதை எவரும் சுரண்டியதாகக் கதையில்லை. நொய்பாவர் இக்கதையை விரித்துரைத்தது 1950-களில் எழுதிய நினைவு நூலிலே. நடந்ததாகச் சொல்லும் ஆண்டுக்கும் அச்சேறிய ஆண்டுக்கும் நடுவே இரண்டு தலைமுறை வண்டிகளும் ஓர் உலகப் போரும் கடந்துவிட்டன. வண்ணத்தைச் சுரண்டிய கதையைச் சுரண்டிப் பார்த்தால் அடியில் விளம்பரம்தான் மின்னுகிறது.

நண்பர் சற்று வாடினார். அவரை வாட்டுவது நம் நோக்கமன்று. அந்தக் கதையை விட அந்த விதியே நம்மைப் பிடித்துக்கொண்டது. விதியை முழுதும் படித்துப் பாருங்கள். ஓட்டுபவர், எரிபொருள், எண்ணெய், தண்ணீர், டயர் ஆகியவை நீங்கலாக 750 கிலோ! எண்ணெயும் தண்ணீரும் ஓட ஓடக் குறைபவை. அவற்றைக் கழித்தது புரிகிறது. ஆள் ஒருவர் குண்டு, ஒருவர் ஒல்லி, அதுவும் புரிகிறது. டயரும் தேய்ந்து தேய்ந்து மாற்றப்படுவதுதான்; கழித்ததில் தர்க்கம் உண்டு. ஆயினும் தோட்டத்தில் பிறந்து, ரப்பர் சோறு தின்று வளர்ந்த நமக்கு அந்த வரியைத் தாண்டிப்போக முடியவில்லை. அலுமினியம் எடையில் சேர்ந்தது, எஃகு சேர்ந்தது, ஒரு பூச்சு வண்ணம்கூடச் சேர்ந்ததாகக் கதை கட்டப்பட்டது. ரப்பர் சேரவில்லை.

எடையைக் கட்டினால் யந்திரம் சிறுக்கும், வேகம் தணியும் என்று எண்ணியே அந்த விதியை வகுத்தார்கள். நடந்தது நேர்மாறு. 1934-இல் 300 குதிரைச் சக்தியைக் கடந்திருந்த மெர்ஸிடிஸ், 1937-இல் அதே எடை வரம்புக்குள் 500-ஐத் தாண்டிவிட்டது. அத்தனை சக்தியும் தரையைத் தொடுவது இரண்டு உள்ளங்கையளவு ரப்பரின் வழியாக. பின்சக்கரங்கள் உரிந்து உரிந்து போயின; பந்தயத்தின் நடுவே வண்டியை நிறுத்தி டயர் மாற்றுவதே தனி வித்தையாயிற்று. நொய்பாவரின் புகழில் பாதி அந்த வித்தையால் வந்தது. மாற்றி எறிந்த டயர்களை எடை போட்டவர் எவரும் இல்லை.

இனி, அந்த ரப்பரின் கதைக்கு வருவோம். டயர் செய்து கொடுத்தது ஹானோவர் நகரத்துக் கான்டினென்டல் கம்பெனி. ஜெர்மனியிலே ரப்பர் மரம் வளராது. அந்நாளில் அந்நாடு ரப்பருக்கு நம்பியிருந்தது மலாயாவையும் டச்சுக்காரரின் கிழக்கிந்தியத் தீவுகளையுமே. எந்தத் தோட்டத்துப் பால் எந்தச் சக்கரத்திற்குப் போயிற்று என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. நாமும் இட்டுக்கட்டிச் சொல்லப் போவதில்லை. ஆனால் இந்நாட்டில் வியாபாரத்திற்கென்று ரப்பரை முதன்முதல் பயிரிட்டது நம் மலாக்காவிலே என்பதைச் சொல்லிக்கொள்ள நமக்கு உரிமையுண்டு. 1896-இல் டான் சாய் யான் என்னும் மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் 43 ஏக்கரில் கன்றுகளை நட்டார். பிறகு ஜாசின் வட்டாரத்துப் புக்கிட் அசஹானில் பெரிய அளவில் நட்டார். மரம் நட்டவர் பெயர் இருக்கிறது. கன்றுக்குக் குழி வெட்டினவர் பெயர் இல்லை.

ஐஃபல் பந்தயம் நடந்தது 1934 ஜூன் 3 என்றோமல்லவா? அதற்கு இரண்டே நாள் முன்னதாக, ஜூன் 1-ஆம் தேதி, சர்வதேச ரப்பர் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. மே 7-இல் பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்சு, இந்தியா, சயாம் ஆகிய அரசாங்கங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அது. ரப்பர் மிகுதியாய்க் குவிந்து விலை பாதாளத்தில் கிடந்தது. ஆகவே ஒவ்வொரு நாடும் இவ்வளவுதான் அனுப்பலாம், புதிதாக நடலாகாது என்று கட்டினார்கள். விலை ஏறிற்று. தோட்டத்தில் வெட்டுக் கத்தி பிடித்தவர்கள் நிலை என்ன? சந்தை நன்றாயிருந்த காலத்தில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த தினக்கூலி, சந்தை சரிந்தபோது வெட்டப்பட்டது. வேலையில்லை என்று 1930 தொடங்கிப் பல்லாயிரம் தமிழர் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பப்பட்டனர். விலை ஏறியதும் கூலி உடனே ஏறிற்றா? 1936 இறுதியில் இந்திய அரசாங்கத்தின் சார்பில் சீனிவாச சாஸ்திரியார் வந்து பார்த்து, பழைய 50 காசையும் 40 காசையும் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று எழுத வேண்டியிருந்தது. அவர் அறிக்கையில் நமக்கு உடன்படாத பகுதிகள் பல; இந்தப் பரிந்துரை மட்டும் எளிய கணக்கு. வண்டியிலே ஒரு கிலோ கூடிற்று என்று இரவெல்லாம் விழித்திருந்த கதையை உலகம் மனப்பாடம் செய்துகொண்டது. கூலியிலே பத்துக் காசு குறைந்ததற்கு எத்தனை வீட்டில் இரவெல்லாம் விழித்திருந்தார்கள் என்பதைக் கதையாக்குவாரில்லை.

இவ்வளவும் ஒரு சிற்றுருவின் மேல் ஏற்றலாமா என்று வாசகர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். வண்டியைச் செய்தவன் வண்டியைத்தான் காட்ட முடியும். தோட்டத்தையும் சேர்த்து வார்க்க முடியுமா? முடியாது. ஆனால் வண்டியின் மேலேயே இருந்ததை விட்டுவிடலாமா? அக்காலத்து ஜெர்மன் பந்தயக் கார்கள் சிலவற்றின் மேல் ஸ்வஸ்திகச் சின்னம் பொறித்திருந்ததைப் பழைய புகைப்படங்களில் காண்கிறோம். கடைகளில் விற்கும் சிற்றுருக்களில் அது பெரும்பாலும் இராது. இதற்கு நல்ல காரணம் ஒன்று உண்டு. அச்சின்னத்தை வெளிக்காட்டுவதை ஜெர்மனியின் தண்டனைச் சட்டமே தடுக்கிறது. கல்வி, கலை, சரித்திர ஆராய்ச்சி போன்றவற்றிற்கே விலக்கு. அந்தச் சட்டத்தை நாம் மனமார ஆதரிக்கிறோம். அச்சின்னத்தை வீட்டுக் கூடத்தில் அலங்காரமாக வைக்க விரும்புபவனுக்கு எந்த வசதியும் செய்து கொடுக்கத் தேவையில்லை. ஆயினும் விளைவு ஒன்றைக் கவனிக்க வேண்டும். தோல்வாரின் கொக்கியைக்கூட விடாமல் காட்டும் பொருள், அந்த வண்டி யாருக்காக ஓடிற்று என்பதை மட்டும் காட்டாமல் போகிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு உண்மை, மீதி ஒரு பங்கை மறக்கச் செய்கிறது.

ஹிட்லர் பதவியேற்றது 1933 ஜனவரி 30. இரண்டு வாரம் ஆகுமுன், பிப்ரவரி 11-ஆம் தேதி, பெர்லின் மோட்டார் கண்காட்சியைத் திறந்து வைத்து, மோட்டார்த் தொழிலையும் பந்தயத்தையும் அரசு ஆதரிக்கும் என்றார். மெர்ஸிடிஸும் ஆட்டோ யூனியனும் அரசாங்க உதவித்தொகை பெற்றன. பந்தய வெற்றி இனத்தின் வெற்றியாகப் பறைசாற்றப்பட்டது. 1938 ஏப்ரல் 10-ஆம் தேதி பிரான்சு நாட்டுப் போ நகரில் ரெனே டிரைஃபுஸ் என்னும் யூதர், டெலஹே என்ற சக்தி குறைந்த பிரெஞ்சு வண்டியில் மெர்ஸிடிஸைத் தோற்கடித்தார். அந்த டெலஹேயை நண்பர் வாங்கியிருந்தால் நமக்கு இன்னும் மகிழ்ச்சியாயிருந்திருக்கும் என்பதை இங்கே மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

போர் வந்தது. பந்தய வண்டி செய்த அதே தொழிற்சாலைகள் விமான யந்திரமும் படை வண்டியும் செய்தன. 1944-இல் டைம்லர் பென்ஸின் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரில் ஏறக்குறையப் பாதிப் பேர் கட்டாய உழைப்பாளர், போர்க் கைதிகள், சிறைமுகாமிலிருந்து கொண்டுவரப்பட்டவர் என்று அந்தக் கம்பெனியே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆட்டோ யூனியனின் வழிவந்த ஆடி கம்பெனி எழுதுவித்த ஆராய்ச்சி 2014-இல் வெளிவந்தது. அதுவும் இதே கதையைச் சொன்னது. இவற்றை ஒப்புக்கொண்டது அவர்களுக்குச் சிறுமையன்று. நம் நாட்டுத் தோட்டக் கம்பெனிகளில் எத்தனை தங்கள் பழைய ஏடுகளை இப்படித் திறந்து காட்டியிருக்கின்றன?

ரப்பருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மலாயா ரப்பரைக் கையேந்தி நிற்பது ஹிட்லர் அரசுக்குப் பிடிக்கவில்லை. பூனா என்ற செயற்கை ரப்பரை விஞ்ஞானிகள் ஆக்கினார்கள். நம் பூனா பட்டணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. இரண்டு இரசாயனப் பொருள்களின் பெயர்த் தலைப்பைச் சேர்த்த சொல். ஆஷ்விட்ஸ் சிறைமுகாமை ஒட்டி மோனோவிட்ஸில் ஐ.ஜி. ஃபார்பன் கம்பெனியார் ஒரு பூனா ஆலை கட்டத் தொடங்கினர். கட்டியவர்கள் முகாம் கைதிகள். பல்லாயிரவர் அங்கே மடிந்தனர். ஆலையிலிருந்து ஒரு கிலோ பூனா ரப்பரும் வெளிவரவில்லை. அதே 1942, 1943-ஆம் ஆண்டுகளில் நம் தோட்டங்களிலே ரப்பருக்கு வாங்குவாரில்லை. லயங்களிலிருந்த தமிழர்களை ஜப்பானியர் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு ஏற்றிப் போனார்கள். நண்பருடைய பாட்டனார் போனவர், திரும்பவில்லை. இதை அவர் நமக்குச் சொன்னது அந்தப் பேழையின் முன் நின்றுகொண்டுதான்.

“அப்படியானால் இதை வாங்கியது பிசகு என்கிறீர்களா?” என்று நண்பர் கேட்டார். வீண் செலவு, ஆடம்பரம், வெள்ளைக்காரன் மோகம் என்று ஏசுவது எளிது. நம் பத்திரிகைகளுக்கு அந்த ஏச்சு கைவந்த கலை. நாம் அப்படி ஏசத் தயாராயில்லை. தோட்டத்துப் பிள்ளை ஒருவன் யந்திரத்தின் அழகைக் கண்டு நாற்பது ஆண்டாக மனம் பறிகொடுத்திருக்கிறான் என்றால் அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஸ்டோரில் உருளை யந்திரத்திற்குள் ரப்பர் பால் சீட்டாகி வருவதைக் கண்கொட்டாமல் பார்த்து நின்ற சிறுவன் அவர். யந்திரத்தை விரும்புவது பகுத்தறிவுக்குப் பக்கத்து வீடு. துரையின் கார் வந்தால் ஓரமாய் ஒதுங்கி நிற்க வேண்டிய மண் சாலையில் வளர்ந்தவர், இன்று ஒரு காரை ஓரமாய் ஒதுக்கி நிறுத்தி வைத்திருக்கிறார். அதுவும் ஒருவகைப் பழிதீர்த்தல்தான்.

நண்பர் வேறொரு தட்டைத் திறந்தார். அதில் சிறு சிறு கார்கள், தீப்பெட்டி அளவு, 64-இல் ஒரு பங்கு என்ற வகை. ஹாட் வீல்ஸ். அடியைத் திருப்பினால் “மலேசியா” என்று பொறித்திருக்கிறது. பினாங்கு மாநிலத்துப் பிறையில் மேட்டல் கம்பெனியின் ஆலையில் செய்தவை. பத்து வெள்ளிக்கு உள்ளும் புறமுமாக விலை. மூடி திறக்காது, ஆரக்கம்பி கிடையாது, சக்கரம் வெறும் பிளாஸ்டிக். சிற்றுருவுக்குரிய சத்தியத்தை வைத்துப் பார்த்தால் இவை பொய்யர் கூட்டம். ஆனால் பேரப் பையன் இவற்றைத் தரையில் உருட்டலாம், பெஞ்சிலிருந்து தள்ளலாம், முட்டவிடலாம். ஓடுவதற்கென்று செய்த பொருள் ஓடுகிறது. விமரிசகன் என்ற முறையில் இதை ஒரு பெரிய தகுதியாகவே குறித்துக்கொண்டோம்.

இதற்கும் முந்திய வண்டி ஒன்று நமக்கு நினைவிருக்கிறது. சாடின் டின்னைப் பிளந்து உடம்பு, அறுந்த ஜப்பான் சிலிப்பரை வட்டமாக வெட்டி நான்கு சக்கரம், குடைக்கம்பி அச்சு, இழுக்க ஒரு கயிறு. லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் செய்தது. அது எந்தக் காரின் சிற்றுருவும் அன்று. துரையின் ஆஸ்டின் என்று ஒருவன் சொல்வான், மீன்காரர் லாரி என்று மற்றவன் சொல்வான். உண்மையைப் பற்றி அது சத்தியம் எதுவும் செய்யவில்லை. ஆனால் அந்தச் சக்கரம் மட்டும் அசல் ரப்பர். பொம்மைக்கும் ரப்பருக்கும் உறவு பழையது. இன்று டயருக்குப் பெயர்போன எம்.ஆர்.எஃப். கம்பெனியே 1946-இல் சென்னைத் திருவொற்றியூரில் விளையாட்டுப் பலூன் செய்யும் சிறு தொழிலாகத்தான் பிறந்தது.

நாம் கேட்பது இதுதான்: இத்தனை கைத்திறனும் பொறுமையும் எதை 18-இல் ஒரு பங்காக்கத் தகுதியுள்ளது என்று தேர்ந்தெடுக்கிறது? நாம் பிறந்த லயத்து அறை 10 அடிக்கு 12 அடி. அதை இந்த அளவில் செய்தால் 17 சென்டிமீட்டருக்கு 20 சென்டிமீட்டர். நண்பரின் வண்டி 22. வண்டியை அறைக்குள் நேராக நிறுத்த முடியாது. வாசல் வழியே மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அந்த அறையில் ஏழு பேர் படுத்தோம். மலாக்காத் தோட்டங்கள் பலவற்றில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. லயங்கள் இடிந்து வருகின்றன. பெரட்டுக் களம், ஸ்டோர், புகைக் கூண்டு, காண்டா வாளி, மங்கு, வெட்டுக் கத்தி இவற்றின் அளவுகளை எழுதி வைத்திருப்பவர் எத்தனை பேர்? மெர்ஸிடிஸின் வரைபடம் ஸ்டுட்கார்ட் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. நண்பரிடம் உளியும் அரமும் இருக்கின்றன, ஓய்வு பெற இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. ஒரு லயம், ஆறு கதவு, தகரக் கூரை, முன்னால் சாக்கடை என்று செய்யலாமே என்றோம். “தகரத்து மடிப்பை அந்த அளவில் எப்படி எடுப்பது?” என்று உடனே கேட்டார். கேட்ட விதத்திலேயே பாதி வேலை தொடங்கிவிட்டது என்று தோன்றிற்று.

வண்டியைப் பற்றிய நம் மதிப்புரை ஆகவே இவ்வாறு அமைகிறது: வேலைப்பாடு மிக உயர்வு; ஆரக்கம்பி கோத்த பெயர் தெரியாத சீனத் தொழிலாளிக்கு நம் வணக்கம். வெள்ளி நிறம் சரித்திரத்தோடு ஒத்தது. அதைச் சுற்றிய கதை ஒத்ததன்று. டயரைப் பற்றி நமக்குத் தீர்ப்புச் சொல்லத் தகுதி போதாது என்பதை அன்று மாலையே கண்டுகொண்டோம்.

அது இவ்வாறு நடந்தது. நண்பரின் தாயார் உள்ளேயிருந்து வந்தார். எண்பதை நெருங்கியவர், அசஹான் பக்கத்து நிரைகளில் நாற்பது ஆண்டு மரம் வெட்டியவர். “என்னப்பா அது, இவ்வளவு நேரமா?” என்று கை நீட்டினார். நண்பர் கையுறையை எடுத்துக் கொடுக்கப் போனார். அம்மா அதைப் பார்க்கவேயில்லை. வெறுங்கையால் வண்டியை வாங்கி, யந்திரத்தையும் கம்பியையும் விட்டுவிட்டு, பின்சக்கரத்தைக் கட்டை விரல் நகத்தால் அழுத்தினார். விட்டார். மறுபடி அழுத்தினார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார்.

“பால் வாசமே இல்லையே தம்பி” என்றார் நம்மைப் பார்த்து. “இது நம்ம ரப்பர் இல்லை.”

வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, காப்பி ஆறிப்போயிற்று, வேறு போட்டுக் கொண்டுவருகிறேன் என்று சொல்லி உள்ளே போனார்.